டீயில் முக்கியெடுத்த வெள்ளைச் சேலை

புதுத் துணியைப் பழையதாக்குவது சுலபமான வேலை. டீத்தூளைக் கெட்டியாகக் கொதிக்கவிட்டு வடிகட்டி, துணியை முக்கி, கசக்கி, பிழியாமல் காயப்போட வேண்டும். மடிப்புகளில் கறை அதிகமாக நிற்கும். காய்ந்ததும் ஓரத்தை ஊதுபத்தியால் அங்கங்கே தொட்டால் போதும், ஐம்பது வருடம் பெட்டியில் கிடந்த துணி மாதிரி ஆகிவிடும். அதைப் பலகையில் பரப்பி, மேலே சரிகைத் துண்டு, பழைய தபால் உறை, பொத்தான், துருப்பிடித்த பூட்டுச் சாவி, யாருடைய கல்யாணப் பத்திரிகையோ ஒன்று, எல்லாவற்றையும் பொருத்தி ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டால், பெங்களூரில் வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். படம் அனுப்பினால், "இன்னும் கொஞ்சம் பழசா இருக்கட்டும்" என்று பதில் வருகிறது.

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடியறையில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன். கீழே தைக்கிற பாய் வெட்டுத் துணிகளைச் சாக்கில் போட்டு எனக்கென்று எடுத்து வைப்பார். சின்னாளப்பட்டிக்குப் போய்ச் சுங்குடிச் சேலையில் சாயம் பிசகிய துண்டுகளை நானே வாங்கி வருவேன்.

பாய்க்கு என் தொழில் பெரிய வேடிக்கை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். "நான் பழசத் தச்சுப் புதுசாக்கிக் குடுத்தா கூலியக் கொறைங்கிறானுக. இவன் புதுசக் கெடுத்துப் பழசாக்குறான், இவனுக்குக் கூரியர்ல நன்றி வருது. யா அல்லா, நான்தான் தப்பான தொழிலுக்கு வந்துட்டேன்."

எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். விட்டேன் என்பதைவிட ஒரு நாள் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. நூல் மில்லில் இருந்தேன், இருமல் வந்ததும் சொல்லாமல் கிளம்பினேன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போய் அங்கேயே ஒரு நாள் இறங்கிவிட்டேன். திருப்பூரில் ஒரு அறையில் என் போர்வையையும் தட்டையும் விட்டுவிட்டு வந்தேன். இடையில் நம்ம ஊரிலேயே இரண்டு வருடம் சுவர் சுவராகப் போஸ்டர் ஒட்டினேன். பசித்த நாட்கள் இருந்தன, பேருந்து நிலையத்தில் படுத்த நாட்களும் இருந்தன. அதில் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாருக்கும் நடப்பதுதான்.

துணிப் படத்தைக் கொடைக்கானலில் கற்றுக்கொண்டேன். அதை விற்கிற ஒரு கடைக்குச் சரக்குத் தூக்கும் வேலை. மலைப் பாதையில் பேருந்து குலுங்கியதில் ஒரு சட்டத்தின் கண்ணாடி உடைந்தது. கடைக்காரருக்குத் தெரிவதற்குள் சரிசெய்யலாம் என்று பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே அடுக்கு அடுக்காகத் துணியும் காகிதமும். எது மேல் எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். எனக்கு அப்படி நடந்ததே கிடையாது.

பாய் கடைக்கு ரவிக்கை தைக்க வந்த ஒரு டீச்சர் ஒரு நாள் மாடியேறி வந்தார். ஓய்வு பெற்றவர், ரெட்டியார்சத்திரத்தில் வீடு. கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிய செயின். கையில் ஒரு துணிப்பை.

"நீதான் துணி ஒட்டுற ஆளா?"

"ஆமா டீச்சர்."

"எங்கம்மா கல்யாணச் சேலைப்பா. அடுத்த மாசம் அவங்க தவறி ஒரு வருசம், சர்ச்சுல பூசை. அண்ணன்மாரு ரெண்டு பேரும் குடும்பத்தோட வாராங்க. அதுக்குள்ள சட்டம் போட்டுக் குடுத்துரணும்."

பிரித்தார். வெள்ளைப் பருத்தி, மெல்லிய வெள்ளிச் சரிகை, சரிகை கறுத்திருந்தது. நடுவில் இரண்டு இடத்தில் துணி இல்லை. கிழிசல் இல்லை, கத்தரிக்கோலால் வெட்டிய இடம். சின்னக் கை, சின்னக் கழுத்து, குழந்தைச் சட்டையின் வடிவம்.

"எங்க வீட்டுல கல்யாணச் சேலையிலதான் பிள்ளைக்கு ஞானஸ்நானச் சட்டை தைப்பாங்க. அது ரெண்டும் அண்ணன்மாருக்கு வெட்டுனது" என்றார்.

சேலை நீளம் குறைவாக இருந்தது. மீதியைப் பூச்சி அரித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கூடவே அவருடைய அம்மா பென்சிலில் எழுதிய மளிகைச் சீட்டு ஒன்றையும் கொடுத்தார். மல்லி, வத்தல், சீரகம், கடைசியில் "சின்னவளுக்கு சிலேட்டு".

அவர் போனதும் சேலையை மேசையில் விரித்துவிட்டு மாடியில் மேலும் கீழும் நடந்தேன். இதுவரை நான் செய்ததெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத துணி. இது கெட்டுப்போகக் கூடாது, அரிக்கக் கூடாது, நான் போன பிறகும் சுவரில் இருக்க வேண்டும். வழக்கமாகக் கடையில் விற்கிற வெள்ளைப் பசையில்தான் ஒட்டுவேன். அன்றைக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. போஸ்டர் ஒட்டியபோது மைதா மாவைக் காய்ச்சி மயில்துத்தம் என்கிற நீல விஷ உப்பைக் கலப்போம். கலக்காவிட்டால் காலையில் மாடும் ஆடும் போஸ்டரைத் தின்றுவிடும், மிச்சத்தைப் பூச்சி தின்னும். கலந்தால் எதுவும் வாய் வைக்காது. நான் ஒட்டிய சில போஸ்டர்கள் எந்தத் தேர்தலுக்கு என்று மறந்த பிறகும் சுவரில் நின்றன. அந்தப் பசையைக் காய்ச்சினேன். துத்தத்தை ஒரு பிடி கூடவே போட்டேன்.

அதற்கு முன்னால் கை தன்பாட்டில் டீத்தூளைக் கொதிக்க வைத்திருந்தது. வெள்ளைச் சேலையை முக்கி எடுத்துக் காயப்போட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் பலகையில் ஒட்டினேன். அன்று சாயங்காலம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் பச்சை. பாசி பிடித்த தொட்டியின் அடிப்பக்கம் மாதிரி ஒரு கறும்பச்சை. டீக்கறையும் துத்தமும் சேர்ந்தால் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் தெரியும். பலகையிலிருந்து ஈரத்துணி வைத்து உரித்தேன், அலசினேன். பசை போனது, பச்சை போகவில்லை.

பாய் மேலே வந்து பார்த்தார். வேடிக்கை பேசவில்லை. "டீச்சர்கிட்ட நீயே போய்ச் சொல்லிரு" என்றார்.

"சொல்றேன் பாய்."

"எதுக்கு உன் உடுதுணி அம்புட்டையும் பையில வைக்கிற?"

பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பூசைக்கு ஒன்பது நாள் இருந்தது.

பழனி வண்டி ரெட்டியார்சத்திரம் வழியாகத்தான் போகும். ஏறி உட்கார்ந்ததும் நடத்துனரிடம் "பழனி ஒண்ணு" என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது. பழனியிலிருந்து கோயம்புத்தூர், அங்கே யாராவது வேலை கொடுப்பார்கள். ரெட்டியார்சத்திரத்தில் வண்டி நின்றது. "இறங்குறவங்க எல்லாம் இறங்கியாச்சா?" என்று நடத்துனர் சத்தம் போட்டார். நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பியது.

ஒட்டன்சத்திரத்தில் இறங்கிவிட்டேன்.

"பழனிக்கு எடுத்துட்டு இங்க இறங்குறீக?"

"வேலை இருக்கு."

வேலை ஒன்றும் இல்லை. காய்கறி மார்க்கெட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். முருங்கைக்காய்க் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேசாமல் அதில் ஏறிப் போய்விடலாம். கிளீனர் வேலை தெரியும். மில்லிலிருந்து ஓடியிருக்கிறேன், நாக்பூரில் ஓடியிருக்கிறேன், ஒரு இடத்திலும் யாரும் தேடவில்லை. ஆனால் அங்கெல்லாம் என் பொருளைத்தான் விட்டுவிட்டு வந்தேன். இப்போது அடுத்தவர் பொருள் என் பையில் இருந்தது. சேலையைப் பாய் கடையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஏன் எடுத்து வந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஏனுங்க, டீ ஆறிப் போச்சுங்க. வேற போட்டுத் தரட்டுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

கிளாஸில் டீ ஆடை கட்டியிருந்தது. குடிக்கப் பிடிக்கவில்லை. எழுந்து எதிர்ப்பக்கம் போய்த் திண்டுக்கல் வண்டியில் ஏறினேன்.

டீச்சர் வாசல்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து சேலையை எடுத்து அவர் மடிக்குப் பக்கத்தில் வைத்தேன். வெங்காயக் கையைத் துடைத்துவிட்டு விரித்தார்.

"என்னப்பா இது?"

"கெட்டுப் போச்சு டீச்சர். நான்தான்."

"பசைல என்ன போட்ட?"

"துத்தம். பூச்சி அரிக்கக் கூடாதுன்னு."

"போஸ்டருக்குப் போடுவாங்களே, அதுவா?"

"ஆமா. அதுக்கு முன்னாடி டீயில முக்குனேன்."

"டீ எதுக்கு?"

"பழசா தெரியணும்னு."

கறுத்த சரிகையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஏப்பா, அது எழுபது வருசச் சேலை. அதுக்கு மேல என்ன பழசாக்கப் போற நீ?"

புதுத் துணிக்குச் செய்து செய்து, மெய்யாகவே பழையது கைக்கு வந்தபோது அது பழையது என்று கைக்குத் தெரியவில்லை.

அவர் சேலையை எடுத்துக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கும்மினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பச்சை அப்படியே இருந்தது. கொடியில் போட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார், "எங்க ஓடப் பாத்த?"

"பழனிக்கு டிக்கெட் எடுத்தேன்."

"அதான் இம்புட்டுப் பெரிய பை." உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. இன்னொரு வெள்ளைத் துணியோடு வந்து உட்கார்ந்தார். அதே சரிகை.

"மிச்சத்தப் பூச்சி அரிச்சிருச்சுன்னு நெனச்சேன் டீச்சர்."

"பூச்சியா? நான்தான் வெட்டி எடுத்து வச்சேன். அன்னைக்குப் பேசும்போதே நீ வாசப்படியப் பாத்துக்கிட்டு இருந்த. நிக்கிறவனா ஓடுறவனான்னு தெரியாம முழுச் சேலையவா குடுப்பாங்க? குடுத்திருந்தா முழுசும் இலைக்கட்டு மாதிரி வந்திருக்கும்."

அந்தத் துண்டில் ஒரே ஒரு சட்டை வெட்டிய இடம் இருந்தது. "இது எனக்கு" என்றார். அதை என் கையில் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தார். பூசைக்கு அண்ணன்கள் வருவார்கள், சுவரில் மாட்ட ஒன்றும் இருக்காது. அதை அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில், "பசை கிடையாது. தைச்சுக் குடு. இங்கயே, என் கண்ணு முன்னாடி உக்காந்து தை. டீ நான் தாரேன், குடிக்கிறதுக்கு மட்டும்" என்றார்.

ஐந்து நாள் போனேன். காலையில் அதே பழனி வண்டி. இரண்டாம் நாளே நடத்துனர், "இன்னைக்காவது டிக்கெட் எடுத்த ஊர்லயே இறங்குவீகளா?" என்று கேட்டார்.

தைப்பது ஒட்டுவது மாதிரி இல்லை. ஒட்டினால் காயும்வரை சுற்றிவிட்டு வரலாம். தையலில் ஒவ்வொரு குத்துக்கும் நாம் இருக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல் கேட்டுவரை நடந்தேன். டீச்சர் அடுப்படியிலிருந்தே சொல்லுவார், "கேட்டு எங்கயும் போகாது. உக்காரு." கோடித் துணியில் சேலையை மெல்லிய ஓட்டுத் தையலில் பதித்தேன். சட்டை வெட்டிய இடத்தை மூடவில்லை. அதற்குப் பின்னால் அவருடைய அம்மா தினமும் கட்டிய சிவப்புச் சுங்குடியில் ஒரு துண்டு வைத்தேன். புள்ளிகள் குழந்தைச் சட்டையின் வடிவத்துக்குள் வந்து நின்றன. மளிகைச் சீட்டை நான்கு மூலையில் நூலால் பிடித்தேன். சாவி, பொத்தான் எதுவும் சேர்க்கவில்லை. முடித்ததும் டீச்சர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தையல் ஒரு பக்கமா சரியுது" என்றார். சரிந்துதான் இருந்தது. பிரித்துத் தைக்கச் சொல்லவில்லை.

பூசை அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார். கோயிலில் பின்னால் நின்றேன், வீட்டில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். சட்டத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகள் ஒருத்தி கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு அத்தை. ஆனா பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. இன்னும் கொஞ்சம் பழசு மாதிரி பண்ணிருந்தா சூப்பரா இருந்திருக்கும்" என்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கேட்டைப் பார்த்தேன்.

அப்போது மூத்த அண்ணன், நரைத்த பெரியவர், சட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார். "எங்களுக்கு வெட்டுன எடம் எங்க? ரெண்டு சட்டை இருக்குமே?" டீச்சர் வாயைத் திறக்குமுன், "நான் கெடுத்துட்டேன் ஐயா. பச்சையாயிருச்சு. உள்ள பீரோல இருக்கு" என்றேன்.

அவர் உள்ளே போய் எடுத்துவந்து, பச்சைத் துணியைக் கையில் விரித்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். "இதுல எது என்னுது?"

"கை கோணலா இருக்குல்ல, அது" என்றார் டீச்சர். "மொதப் பிள்ளை. அம்மாவுக்கு வெட்டத் தெரியல."

அண்ணன் கோணல் கைக்குள் தன் இரண்டு விரலை விட்டு வெளியே எடுத்தார். பிறகு துணியை நாலாக மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். என்னிடம் அவர் பேசவில்லை. கிளம்பும்போதும் பேசவில்லை.

இலை போட்டார்கள். பழனி வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. கூட்டு, பொரியல் என்று வெஞ்சனம் வைத்தார்கள், பிறகு சோறு. நான் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து மோர் வரைக்கும் சாப்பிட்டேன்.