கிரேஸ் டீச்சரின் மொட்டை மாடிக் கம்ப்யூட்டர்

நாகலட்சுமி போனில் அழைத்தால் முதலில் என் முழங்கால் வலியைத்தான் விசாரிப்பாள். போன செவ்வாய்க்கிழமை விசாரிக்கவில்லை. "சார், டீச்சர் காலையில போயிட்டாக" என்றாள். அடக்கம் எப்போது என்று கேட்டுக்கொண்டேன். பிறகு அவளே, "அப்பாட்ட சொன்னேன். 'நானும் வாரேன், நாந்தான இசட்டு'ன்னாக" என்றாள். அதுவரை தாக்குப்பிடித்த நான் அங்கேதான் உடைந்தேன்.

அருப்புக்கோட்டையில் கிரேஸ் டீச்சரிடம் படித்த உங்களுக்கு அந்த 'இசட்' விளங்கும். அவரை அறியாதவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். நான் அங்கே சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தேன். எண்பதுகள் முழுக்க எங்களுக்குக் கவலையே இல்லை. ரெட்டியபட்டியிலிருந்தும் திருச்சுழியிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். விடிந்தும் விடியாமலும் தெருவே தடதடக்கும். அப்படி நன்றாக நடந்துகொண்டிருந்தபோதுதான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், "கம்ப்யூட்டர் வாங்கப் போறேன் சார்" என்றார். நல்லா ஓடுற வண்டியை எதுக்குப் பள்ளத்தில் இறக்குகிறீர்கள் என்று கத்தினேன். அவர் என் கத்தலுக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. "நீங்க மானிட்டரை மட்டும் மடியில வச்சுட்டு வாங்க, போதும்" என்றார்.

மதுரையிலிருந்து பஸ்ஸில்தான் கொண்டுவந்தோம். போர்வை சுற்றிய மானிட்டர் என் மடியில். காரியாபட்டியில் ஏறிய ஒரு அம்மா, "என்னய்யா, டிவியா?" என்றார். விவரம் சொன்னால் வம்பு என்று "ஆமா" என்றேன். டீச்சர் முன் சீட்டிலிருந்து திரும்பி, "டிவி இல்லக்கா, கம்ப்யூட்டரு" என்றார். "படம் காட்டுமா?" "காட்டாது. நாம சொன்னதை அப்படியே செய்யும்." அந்த அம்மா என் மடியைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "அப்ப எங்க வீட்டுக்கு ஒண்ணு வேணும், அங்க ஒருத்தரும் செய்யமாட்டேங்காக" என்றார். பஸ்ஸே சிரித்தது.

வந்ததென்னவோ ஒரே ஒரு மிஷின். பச்சை எழுத்துத் திரை, உள்ளே எதையும் சேமித்து வைக்காது, எல்லாமே சதுரமான கறுப்பு பிளாப்பியில்தான். படிக்க வந்தவர்களோ ஒரு வகுப்பு நிறைய. போதாததற்கு கரண்டு வேறு நினைத்தபோது போய்விடும். வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். டீச்சர் எல்லோரையும் மொட்டை மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒரு பெண்ணின் கையில் சிலேட்டைக் கொடுத்து, "நீதான் எக்ஸு. யாரு என்ன நம்பர் குடுத்தாலும் பழசை அழிச்சுட்டு அதை எழுதணும்" என்றார். அடுத்தவள் ஒய். விடையைக் கூட்டிக்கொண்டே வருகிறவர் இசட். புரோகிராமை எழுதியவர் நடந்து நடந்து ஒவ்வொருவருக்கும் உத்தரவு சொல்ல வேண்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடம் வந்தால், எண்ணிக்கை வைத்துக்கொள்கிற 'ஐ' தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வர வேண்டும். அந்த ஐ எப்போதும் நான்தான். "சார்தான் முணுமுணுத்துக்கிட்டே சுத்துறதுக்கு லாயக்கு" என்பார். வெயிலில் நான் சுற்றுவேன். எண்ணிக்கை முடிந்ததும், "போதும் சார், நில்லுங்க" என்பார். அப்போதுதான் நிற்க வேண்டும். முன்னதாக நின்றால் விடை தப்பாகிவிடும் என்று என்னையும் மறுபடி சுற்றவைத்திருக்கிறார்.

நாகலட்சுமி தெலுங்கு பேசும் நெசவு வீட்டுப் பெண். "இந்த ஒரு பரீட்ச. தேறலேன்னா பேசாம தறி நூலத் தார் சுத்த வந்துரணும்" என்று சொல்லித்தான் அவளுடைய அப்பா பெருமாள் அனுப்பியிருந்தார். சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி, பிளாப்பியில் மதுரைக்குக் கொண்டுபோய், தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அந்தப் பரீட்சை ஆயுதபூசை முடிந்த மூன்றாம் நாள்.

டீச்சர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். ஆனாலும் ஆயுதபூசையைத் தடுத்ததில்லை. "பூசை ஒங்களுது, பொரிகடலை எனக்கு" என்பார். அந்த வருஷம் பிள்ளைகள் உற்சாகமாக அறையைக் கூட்டி, கிறுக்கிய தாள்களையெல்லாம் அள்ளிப்போய்க் குப்பையில் எரித்தார்கள். டைப்ரைட்டர்களுக்குப் பொட்டு வைத்தார்கள். கம்ப்யூட்டருக்கும் வைத்தார்கள். நாகலட்சுமி பிளாப்பிகளையும் விடவில்லை. பிளாப்பியின் உறையில் ஓர் இடத்தில் மட்டும் உள்ளே சுழலும் காந்தத் தட்டு வெளியே தெரியும். பொட்டு வைக்க அதுதான் லட்சணமான இடம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் அழகாக அப்பியிருந்தாள்.

மறுநாள் அவளுடைய பிளாப்பியைத்தான் முதலில் போட்டோம். மிஷின் நறநறவென்று பல்லைக் கடித்தது. மற்றவர்களுக்கு வீட்டில் புரோகிராம் எழுதிய நகல் தாள் இருந்தது. அவளுடையது மட்டும் எரிந்த குப்பையோடு போயிருந்தது. விஷயம் எப்படியோ தெரு தாண்டிப் போய், பெருமாள் வந்து நின்றார். மகளைத் தெலுங்கில் திட்டினார். எங்களுக்குப் புரிய வேண்டியது புரிந்தது. பிறகு டீச்சரிடம், "இது நமக்கு ஒத்துவராது டீச்சரம்மா. பொட்டு வச்சதுக்கே கெட்டுப்போற சாமானு" என்றார்.

"பொட்டு வச்சது தப்பில்லண்ணே, வச்ச எடந்தான் தப்பு. பிளாப்பிதான் போச்சு, புள்ள மண்டையில இருக்கது போகல. மேல வாங்க."

மிஷினை ஸ்பிரிட்டால் துடைக்கும் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பல சேலைக்குச் சேர்த்துத் தறியில் ஏற்றும் ஒரு பாவுக்கு எத்தனை சிட்டம், அதாவது எத்தனை கட்டு நூல் வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் நாகலட்சுமியின் புரோகிராம். எக்ஸ் நின்றாள், ஒய் நின்றாள். "ஒரு ஆளு கொறையுதுண்ணே, நீங்க இசட்டா நில்லுங்க" என்று பெருமாளிடம் சிலேட்டை நீட்டினார் டீச்சர். மறுக்கத் தெரியாமல் அவர் வாங்கிக்கொண்டார்.

நாகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். முதல் இரண்டு உத்தரவில் திக்கினாள். அப்புறம் கால் தானாகப் போனது. சேலைக்கு ஒரு சுற்றாக நான் தொட்டியைச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பெருமாள் அழித்து அழித்து எழுதினார். பாதியில், "ஏ, இது நம்ம பாவுக் கணக்குத்தான!" என்றார். மகள் நிற்கவில்லை. "போதும் சார், நில்லுங்க" என்று டீச்சர் சொன்னதும் எல்லோரும் அவருடைய சிலேட்டைப் பார்த்தோம். அவர் உதடு அசைய மனசுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார். சிலேட்டைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

சுவிட்ச் போட்டதும் மிஷினுக்கு உயிர் கொடுக்கிற பிளாப்பி மட்டும் பொட்டுப் படாமல் டீச்சரின் பைபிள் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அன்று சாயங்காலமே, மிஷினைத் துடைத்ததும், நாகலட்சுமி எல்லாவற்றையும் ஒரு புது பிளாப்பியில் அடித்துவிட்டாள். மதுரையில் தேறினாள். அவள் பிறகு தார் சுற்றப் போகவில்லை. இன்று அவள் நிர்வகிக்கிற கம்ப்யூட்டர்கள் எத்தனை என்று கேட்டால் அவளுக்கே சட்டென்று சொல்லத் தெரியாது.

கல்லறைத் தோட்டத்தில் நரைத்த தலைகளாக நின்றோம். பாதிப் பேருக்குப் பெயர் மறந்திருந்தது. "நீங்க ஒய்தான?" "இல்ல, நான் எக்ஸு" என்றுதான் அடையாளம் கண்டுகொண்டோம். பெருமாள் மகளின் தோளைப் பிடித்தபடி வந்து, ஒரு பிடி மண் போட்டுவிட்டு, "இசட்டு வந்துருக்கேன் டீச்சரம்மா" என்றார்.

டீச்சர் எனக்கு விட்டுப்போனது 'ஐ' என்ற ஓர் எழுத்து. ஏதாவது குழம்பிப்போனால் இப்போதும் எங்கள் வீட்டு மாடியில் தொட்டியைச் சுற்றி, முணுமுணுத்துக்கொண்டே, முதலிலிருந்து நடந்து பார்க்கிறேன். அடக்கம் முடிந்து வந்த அன்றும் சுற்றினேன். முழங்கால் வலித்தது. "போதும் சார், நில்லுங்க" என்று சொல்ல ஆள் இல்லாததால் இன்னும் கொஞ்சம் நடந்தேன்.