ஆவடியிலிருந்து நசரத்பேட்டை: பெல்ட் போட்டுப் பயணம் செய்த கேக்

1996 மே 12, ஞாயிறு, காலை 7.10. ஆவடி குவார்ட்டர்ஸ் வாசலில் ஓர் அம்பாசிடர் டாக்சி. டிரைவரோடு சேர்த்துப் பெரியவர்கள் ஐந்து பேர், ஏழு மாதக் கைக்குழந்தை ஒன்று, இரண்டு கிலோ ஐசிங் கேக் ஒன்று, குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கை ஒன்று. இருக்கை கேக்குக்குக் கிடைத்தது. இதே பாதையில் கைக்குழந்தையோடு போகிறவர்கள் அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் தங்கை ஸ்டெல்லாவின் மகளுக்கு நசரத்பேட்டை கோயிலில் ஒன்பது மணிக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத் தகப்பன், குழந்தைக்காகக் கோயிலில் வாக்குக் கொடுக்க வேண்டியவன். பருத்திப்பட்டு, பூந்தமல்லி வழியாகச் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். போக, வர, காத்திருக்க வாடகை முந்நூறு ரூபாய்.

இருக்கை, மஸ்கட்டில் இருக்கும் ஸ்டெல்லாவின் கொழுந்தன் அனுப்பியது. வந்த நாளிலிருந்து பாலித்தீன் உறையோடு பீரோ மேல் கிடந்தது. நான் டிப்ளமோ மெக்கானிக்கல். அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூமில் வேலை. அந்த அம்பாசிடரின் முன்சீட்டிலும் பின்சீட்டிலும் பெல்ட் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலமே டிரைவர் பாபுவைப் பிடித்து, இருக்கையைப் பொருத்த இரண்டு போல்ட் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“ஓட்ட கீட்ட போட்றாத நைனா. வண்டி என்து இல்ல. மொதலாளி தோல உரிச்சிடுவாரு.”

சரியென்று பாரம் தூக்கும் நைலான் பட்டையை சீட்டுச் சட்டத்துக்கு அடியில் விட்டு, இருக்கையோடு சேர்த்து இறுக்கினேன். காலை ஊன்றி இழுத்தும் அசையவில்லை.

ஞாயிறு காலை பாப்பாவை அதில் உட்காரவைத்துப் பூட்டினேன். அவள் பட்டையின் நுனியைச் சப்பிக்கொண்டு சமர்த்தாக இருந்தாள். அப்போதுதான் ஸ்டெல்லாவின் நாத்தனார் ரோசலின் அக்கா வந்தார்.

“இன்னா தம்பி இது? பச்சக் கொயந்தைய பாடைல கட்ற மாரி கட்டி வெச்சிகீற! கோயிலுக்குப் போற நேரத்துல... அவுரு மொதல்ல.”

“வெளிநாட்டுல இப்படித்தான் கட்டணும்னு சட்டமே இருக்குக்கா.”

“ஏன், அங்க பெத்தவளுக்குக் கை இல்லியா?”

எல்லோரும் சிரித்தார்கள். பாபுவும் சேர்ந்துகொண்டான். “போலீசு ஆர்சி புக்கு கேப்பான், லைசென்சு கேப்பான். கொயந்தைக்குத் தனியா சீட்டு கீதான்னு எவனும் கேட்டதில்ல நைனா.”

அது உண்மை. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் அதைக் காட்டி வாயை அடைத்திருப்பேன். இல்லை. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள், பூட்டை அவிழ்த்தாள். பாப்பாவுக்குக் காற்று வேண்டுமாம். மடியில் பாப்பாவோடு ஸ்டெல்லாவை முன்சீட்டு ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள்.

இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்த அவள் கணவர் அருள், “அப்ப கேக்க இதுல வெச்சிடலாம் மச்சான், ரோடு மோசம்” என்றார். அவர் ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். பெட்டிக்கு அடியில் துண்டை மடித்து மட்டம் பார்த்து, பட்டைகளைக் குறுக்காகப் போட்டுப் பூட்டினார். அருமையான வேலை.

7.25க்குக் கிளம்பினோம். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நல்ல காற்று. அதைத் தாண்டினால் ரோடு பல்லாங்குழி. பூந்தமல்லியில் 7.55. டீ ஒன்றரை ரூபாய், குடிக்கலாம். குழந்தைக்குப் பால் கொடுப்பதானால் இங்கேயே நிறுத்திக் கொடுங்கள். இதற்குப் பிறகு பெங்களூர் ஹைவே. யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை.

நசரத்பேட்டைக்குச் சற்று முன், ஓரமாக நின்ற லாரி ஒன்று கை காட்டாமல் ரோட்டில் ஏறியது. பாபு பிரேக்கில் ஏறி நின்றான். இடிக்கவில்லை. வண்டியில் கீறல்கூட இல்லை. ஆனால் ஸ்டெல்லா மடியில் குழந்தையோடு அப்படியே முன்னால் சரிந்தாள். டேஷ்போர்டுக்கும் அவள் மார்புக்கும் நடுவில் பாப்பா.

கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும் என்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்டெல்லாவின் பிடி நழுவவே இல்லை. அவளைப் பிடிக்கத்தான் வண்டியில் எதுவும் இல்லை. ஐம்பத்தைந்து கிலோ அந்தக் குழந்தையின் மேல் போய் அழுத்தியது.

அழுகை நிற்கவில்லை. இடது கையைத் தொட்டாலே வீறிட்டாள். வண்டியைத் திருப்பிப் பூந்தமல்லிக்கே போனோம். டாக்டர் நாற்பது ரூபாய், எக்ஸ்ரே எழுபது. இடது காறை எலும்பில் விரிசல். டாக்டர் அந்தச் சின்னக் கையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். அந்தக் கட்டைப் பார்த்து யாரும் பாடை என்று சொல்லவில்லை.

“பெத்தவ கெட்டியா புடிச்சிகினு இருந்தா, அதான் உசுரு தப்பிச்சுது” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் ரோசலின் அக்கா. எந்தக் கண் பட்டதோ என்றார்.

அருள் வண்டி வரை போய்விட்டு வந்து, “மச்சான், கேக்குல ஒரு பூகூட நசுங்கல” என்றார். நான் இருக்கையைக் கட்டியதைப் பாராட்டுகிறாராம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திரும்பும்போதாவது இருக்கையில் வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். எலும்பு கூடும்வரை தோள்மேல் எந்தப் பட்டையும் படக்கூடாது என்றார். கேக்கைத் தூக்கி டிக்கியில் போட்டேன். காலி இருக்கை பக்கத்தில் இருக்க, பாப்பா மறுபடியும் மடியில்தான் வந்தாள். பின்சீட்டில், இருபதைத் தாண்டாத வேகத்தில். ஆவடி வர முக்கால் மணி நேரம். ஞானஸ்நானம் தள்ளிப்போனது.

பாதுகாப்பு இருக்கை இல்லாதவர்களுக்கு: குழந்தையோடு முன்சீட்டில் உட்காராதீர்கள். மடி பத்திரமான இடமில்லை. பின்சீட்டு மடி கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். வேகத்தைக் குறைக்கச் சொல்லி வாடகை பேசும்போதே டிரைவரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். இருக்கை வைத்திருப்பவர்கள் பீரோ மேலிருந்து இறக்குங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. பாபுவின் முதலாளியை நானே பார்த்து, போல்ட் போட அனுமதி வாங்குவது. செலவு என்னுடையது.

2. கட்டு பிரித்ததும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பாப்பாவை வீட்டிலேயே தினம் கொஞ்ச நேரம் இருக்கையில் உட்காரவைப்பது. பழக வேண்டியது அவள் அல்ல, சுற்றி இருப்பவர்கள்.

3. பூட்டவும் அவிழ்க்கவும் ஸ்டெல்லாவுக்கும் அருளுக்கும் சொல்லிக்கொடுப்பது. கேக்கைக் கட்டத் தெரிந்தவருக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

4. மறுதேதி குறித்த பிறகும் அவளை மடியில் வைத்து வண்டியைக் கிளப்பினால், நான் ஏறமாட்டேன். ஞானத் தகப்பன் வராமல் எப்படி ஞானஸ்நானம் நடத்துகிறார்கள் என்று பார்த்துவிடுவது.