தென்னூரிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து தென்னூருக்கு

வேலாயுதம் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் திருவானைக்காவலில் ஒரு டீக்கடை வாசலில் நின்று, பதினான்கு மாடி லிஃப்டை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காலை ஏழரை மணி இருக்கும். சுற்றி நாற்பது பேர். போனில் அவர் மகள் சுமதி. பொங்கலுக்கு வந்து அப்பாவோடு தங்கியிருந்தவள். “மாமா, அப்பா எந்திரிக்கல” என்றாள். கதையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். நான் ஒரு கதையைப் பாதியில் விட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

அண்ணன் பக்கத்தில் இருந்திருந்தால், “நாப்பது பேர் இல்ல, நாலு பேரு. பிடிச்சது லிஃப்ட இல்ல, பிரேக்க. அதுவும் ரெண்டு கையால” என்று திருத்தியிருப்பார். முப்பது வருஷமாக லிஃப்ட் வேலைக்கு நடுவே இந்த வேலையையும் அவர் விடாமல் பார்த்தார்.

நம் லிஃப்ட் வேலைக்காரர்களில் அவரைத் தெரியாதவர் யாரும் இல்லை. இருந்தாலும் நம் சங்க மலருக்கு அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னீர்கள். சரியான ஆளைத்தான் பிடித்தீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது உண்மை. அதனால் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்னூரில் வரிசையாக நிற்கும் உயரக் கட்டடங்களில் எட்டுக்கு நாங்கள் இருவரும் லிஃப்ட் போட்டோம். (அண்ணன் கணக்குப்படி மூன்று.) மாடிக்கு மாடி வாசல் விட்ட, லிஃப்ட் ஏறி இறங்கும் உயரமான கூண்டுதான் எங்கள் வேலை இடம். மேலே மெஷின் ரூமில் நான், அடியில் அவர். மேலே இருப்பவன் ஒன்று சொன்னால் கீழே இருப்பவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகே எதுவும் அசையும். “எறக்குறேன்” என்பேன். “எறக்கு” என்று அடியிலிருந்து குரல் வரும். அந்தக் குரல் வராமல் ஒரு தடவைகூட நான் கை வைத்ததில்லை. “கேட்டுச்சான்னு கேக்காத, திருப்பிச் சொல்லச் சொல்லு” என்பது அவர் சொல். நம்மில் பாதிப் பேர் முழுசாகக் கை காலோடு வீடு திரும்புவது அந்த ஒரு சொல்லால்தான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு பத்து நாளில் திரும்பிவிட்டது. வலது கால் இழுத்துக்கொண்டது. அதைவிடப் பெரிய கஷ்டம், இரண்டு கண்ணும் திறந்திருந்தாலும் வலப்பக்கம் எது வந்தாலும் அவருக்குத் தெரியவில்லை. தட்டில் வலது பாதிச் சோறு தொடாமல் அப்படியே இருக்கும். மனைவி காலமாகிப் பல வருஷம். கட்டடங்களுக்குப் பின்சந்தில் அந்தச் சின்ன வீட்டில் தனி ஆள். சுமதி தாம்பரத்திலிருந்து ஓடி வந்தாள்.

“எங்களோட வந்துடுங்கப்பா. ரோட்டைத் தாண்ட முடியாத ஆளை இங்க விட்டுட்டு நான் அங்க எப்படித் தூங்குவேன்?”

“ரோடு என்னம்மா ரோடு? ஆத்துக்கே நடந்து போறேன். ஆடி பதினெட்டுக்குள்ள, யார் கையையும் பிடிக்காம. போயிட்டா என்னை இங்கேயே விட்டுடணும். முடியலேன்னா நீ சொல்ற வண்டியில ஏறிக்கிறேன்.”

தென்னூரிலிருந்து காவிரி, நல்ல கால் இருப்பவனுக்கு முக்கால் மணி நேர நடை. நான் இருபது நிமிஷத்தில் போனவன். சுமதி என்னைப் பார்த்தாள். “மாமா, நீங்கதான் சாட்சி.”

“சாட்சி மட்டுமா? நானே கூடப் போறேன். நான் கூப்பிட்டா மலைக்கோட்டையே எறங்கி நடந்து வரும்மா.”

“அதான் மாமா பயமா இருக்கு.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் லிஃப்ட் போட்ட பதினான்கு மாடிக் கட்டடத்தின் வாசலிலிருந்து கிளம்பினோம். அவருக்கு வலப்பக்கம், அரையடி முன்னால் நான். “பள்ளம்” என்பேன். “பள்ளம்” என்று திருப்பிச் சொல்லிவிட்டுக் காலைத் தூக்குவார். “பைக், நில்லுங்க.” “நின்னுட்டேன்.” நடக்கிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முதல் நாள் மருந்துக்கடை வரைதான் முடிந்தது. வைகாசி முடிவதற்குள் ரயில் பாதையைத் தாண்டினோம். ஆனி பிறந்த பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தெரிந்தது. ஒரு நாள்கூட, “இன்னிக்கு வேண்டாம்” என்று அவர் சொல்லவில்லை. மழை தூறிய அன்று நான் சொன்னேன். “லிஃப்டுக்கு மழை தெரியுமாய்யா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

தப்பு நடந்தது சத்திரத்தில்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. வாழைப்பழம் விற்கிறவர் ஒருவர், “என்னண்ணே, ஆளையே காணோம்?” என்று என்னைக் கேட்டார். மந்திரி ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்த கதையை எடுத்துவிட்டேன். என் இடத்தை விட்டு மூன்றடி தள்ளிப் போய்விட்டேன். நான் குரல் கொடுக்கவில்லை என்றால் பாதை சுத்தம் என்று நம்பி அண்ணன் நடந்தார். வலப்பக்கம் வந்த ஸ்கூட்டரின் கைப்பிடி அவர் முழங்கையில் இடித்தது. திரும்பிப் பார்க்கிறேன், தரையில் கிடக்கிறார். சட்டைக் கை முழுக்க ரத்தம்.

“கதை சொல்றதுக்கா மாமா கூடப் போனீங்க?” என்று சுமதி போனில் கேட்டாள்.  இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போன் வந்தது.

“என்னய்யா கோவிந்து, வேலைக்கு லீவா?”

“அண்ணே, என்னாலதான்…”

“விழுந்தது நானு. எந்திரிச்சதும் நானு. நடுவுல நீ எதுக்கு அழுதுட்டு இருக்க? காலைல ஆறு மணிக்கு வா. கதை சொல்லணும்னா உக்கார்ற எடத்துல சொல்லு. கால் நடக்கும்போது உன் வாய் எனக்கு வேணும்.”

போனேன். அதன் பிறகு நடையில் “பள்ளம்”, “பஸ்”, “நில்லுங்க” தவிர ஒரு சொல் பேசவில்லை. எனக்கு அது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆடி பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால், கூட்டம் சேர்வதற்குள், ஆற்றுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தோம். தாம்பரத்திலிருந்து வந்திருந்த சுமதி பத்தடி பின்னால் நடந்தாள். கை நீட்டிவிடக் கூடாதே என்று துப்பட்டா நுனியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தாள். சத்திரத்தில் அதே பழக்காரர் கூப்பிட்டார். நான் தலையைத் திருப்பவில்லை. வழியில் ஒன்பது இடத்தில் உட்கார்ந்தோம், ஒன்பது கதை சொன்னேன். சிந்தாமணியைத் தாண்டி, ஓடத்துறைப் படியில் ஒவ்வொன்றாக இறங்கி, அண்ணன் வலது காலைத் தண்ணீரில் வைத்தார். அந்தக் காலில் அன்றுவரை குளிரும் சூடும் சரியாகத் தெரியாது. “ஜில்லுனு இருக்குய்யா” என்றார். காவிரி அன்றைக்கு மேட்டூரையே தூக்கிக்கொண்டு வந்தது போலச் செம்பழுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம்.

“கோவிந்து, அதுக்கு லிஃப்ட் போடச் சொன்னா எத்தனை நாளாகும்?”

“என்னை விட்டா பத்து நாள்.”

“மேல போகப் போகக் குறுகுதே, மெஷினை எங்க வைப்ப?”

“அதைப் பெருமாள்கிட்ட பேசிக்கலாம்ணே.”

சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “ஜெயிச்சுட்டீங்கப்பா. இங்கேயே இருங்க, நான் ஒண்ணும் சொல்லல. வாங்க, ஆட்டோ நிக்குது.”

“ஆட்டோவை அனுப்பிடும்மா.”

“பேசினது ஆத்துக்கு வர்றது மட்டும்தானேப்பா?”

“லிஃப்ட மேல ஏத்திக் காட்டிட்டு எவனும் சாவியைக் குடுக்க மாட்டான். எறக்கியும் காட்டணும். தனியா இருக்கப் போறவன் வீட்டுக்குத் திரும்பி வருவானான்னுதானே உனக்குப் பயம்? அதைப் பாத்துட்டு ஊருக்குப் போ.”

திரும்பினோம். வெயில் ஏறிவிட்டது. சத்திரம் வந்தபோது மடங்கியது அவர் கால் அல்ல, என் முழங்கால். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆட்டோவைத் தேடியது நான்தான். சுமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னை மெல்ல ஒதுக்கிவிட்டு அப்பாவின் வலப்பக்கம் போய் நின்றாள்.

“பள்ளம்பா.”

“பள்ளம்.”

“பஸ் வருது, நில்லுங்க.”

“நின்னுட்டேன்.”

அவள் குரலில் நடுக்கம் இல்லை. தென்னூர் வரை அவள்தான் சொன்னாள், அவர் திருப்பிச் சொன்னார், நான் பின்னால் வந்தேன். அன்று மாலை ரயிலுக்கு அவள் ஒற்றை டிக்கெட் எடுத்தாள்.

அதற்குப் பிறகு அண்ணன் ஒன்றரை வருஷம் அவர் வீட்டிலேயே இருந்தார். தினமும் போகவும் வரவும் நடை. போன மாசம், அவர் போவதற்கு முந்தின நாள் காலையிலும் ஓடத்துறையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் நடைக்குத் தானே கூடப் போவதாகச் சுமதி சொன்னதால்தான் நான் திருவானைக்காவலில் இருந்தேன். தூக்கத்தில் போனார், அவர் கட்டிலில், அவர் ஊரில்.

காரியம் முடிந்ததும், “அப்பா ஞாபகமா எதையாவது எடுத்துக்குங்க மாமா” என்று சுமதி அவருடைய ஸ்பேனர் பெட்டியைத் திறந்து வைத்தாள். ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியது ஏற்கெனவே என் காலில் இருக்கிறது. இத்தனை மாதம் அவரோடு நடந்ததில் என் நடை மாறிவிட்டது. இடது காலை வைத்து, வலது கால் வந்து சேரும் வரை பொறுத்து, பிறகு அடுத்த அடி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், மூட்டை சுமப்பவர்கள், எல்லோரும் என்னை முந்திப் போகிறார்கள். இந்த ஊரில் என்னை முந்தியவன் கிடையாது என்று சொல்லித் திரிந்தவன் நான். “காலு வலிக்குதா?” என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். வலி இல்லை. இது வேலாயுதம் அண்ணனின் வேகம். வேகமாக நடக்க இன்னும் என்னால் முடியும்; ஆனால் மாற்றப் போவதில்லை.