மத்தியானச் சோற்றுக்குப் பின் எட்டு நாற்பது

14 ஜூலை 2013, ஞாயிறு. நாலே முக்காலுக்கு எழுந்தேன். எட்டரைக்கு ஆராதனை. திரும்பும் வழியில் இனயத்து மீன்காரியிடம் சாளை வாங்கினேன். ஒரு மணிக்குச் சாப்பாடு. வானியல் ஆராய்ச்சி செய்யும் தங்கை இரண்டு நாள் விடுப்பில் தக்கலை வீட்டுக்கு வந்திருந்தாள்.

அவள் பார்ப்பது ஒரு கருந்துளையை. பல வருடம் சும்மா கிடக்கும். திடீரென்று சில வாரம் எக்ஸ்ரேயில் பிரகாசிக்கும். அப்போது தன்னை நோக்கி விழும் வாயுவில் கொஞ்சத்தை, ஒளியைவிடச் சற்றே குறைந்த வேகத்தில் வெளியே பீய்ச்சும். எக்ஸ்ரேயைச் செயற்கைக்கோள் பார்க்கிறது, பீய்ச்சலை ரேடியோ தொலைநோக்கி. அவள் கணக்கில் பீய்ச்சல் முதலில். எக்ஸ்ரே மங்கியது இரண்டு மணி நேரம் கழித்து. யாரும் எதிர்பாராத வரிசை. கட்டுரை மறுநாள் பேராசிரியருக்குப் போகவேண்டும். தப்பென்றால் மூன்று வருட உழைப்பின் மேல் யாருக்கும் நம்பிக்கை இராது.

ஆரல்வாய்மொழிக் காற்றாலையில் பதிவேடு எழுதுகிறவன் என்பதால் எண்களைச் சரிபார்க்க என்னிடம் தந்தாள். எக்ஸ்ரே மங்கியது 5:10. ரேடியோ கூடியது 3:10. தொலைநோக்கியின் மூலப் பதிவில் அது 8:40 என்று இருந்தது.

"எட்டு நாப்பதை எதுக்கு மக்கா மூணு பத்தாக்கின?"

"அது நம்ம ஊரு நேரம்லா அண்ணே. எக்ஸ்ரே உலக நேரத்துல இருக்கு, இதுலயும் அஞ்சரை மணிக்கூர் கழிச்சாத்தான் உலக நேரம். உனக்குக் காத்தாடிக்க கணக்குதான் தெரியும்."

மூலப் பதிவின் ஓரத்தில், அன்று பணியில் இருந்தவர் ஒரு வரி எழுதியிருந்தார்: மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தபோது ரேடியோ அலை கூடிக்கொண்டிருந்தது.

"காலம்பற எட்டு நாப்பதுக்கு ஆரு மத்தியானச் சோறு திங்கா?"

அவள் தாளை வாங்கி இரண்டு முறை படித்தாள். 8:40 ஏற்கெனவே உலக நேரம். நமக்கு அது பிற்பகல் 2:10. மாற்றியதையே மறுபடி மாற்றியிருக்கிறாள். காற்று முன்னறிவிப்பில் நானும் ஒருமுறை இப்படிச் செய்ததால்தான் கண்ணில் பட்டது.

"அப்ப எக்ஸ்ரே மங்கி மூணரை மணிக்கூர் கழிஞ்சுதான் பீய்ச்சியிருக்கு," என்றாள். "புதுசா ஒண்ணும் இல்ல."

எனக்கு எல்லாமே புதிதாக இருந்தது. அந்த ஒளி கிளம்பிப் பல ஆயிரம் வருடம். எது முன், எது பின், நடுவில் எவ்வளவு நேரம் என்பது அத்தனை தூரத்திலும் கலையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. கலைந்தது இங்கே, எங்கள் மேசையில்.

திங்கள், நாலே முக்கால். அவள் எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தாள். முதல் வேலையாக அவள் கட்டுரையில் 3:10ஐ அடித்து 8:40 எழுதினாள். பக்கத்தில் நான் 'உலக நேரம்' என்று எழுதினேன்.