கனகு பரிட்சைக்கு வந்தாள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். இதைக் கேட்டுவிட்டு என்னைப் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் நடுவில், மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. கடைசி வருஷம். ஹாஸ்டலில் என் அறைத்தோழி கனகு, திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். வீட்டில் அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்கத் துடித்தார்கள். இவள் மாட்டேன், படித்து முடித்து டீச்சராகப் போகிறேன் என்று நின்றாள். பரிட்சைக்கு முந்திய சனிக்கிழமை அவள் பெரியப்பா வந்து, அம்மாவுக்கு முடியவில்லை என்று வார்டனிடம் சொல்லி அழைத்துப் போனார். பொய் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்பா இல்லாத பெண், பெரியப்பா வந்து நின்றால் வார்டன் மறுபேச்சு பேசுவாரா? அனுப்பிவிட்டார்.

"திங்கக்கிழமை பரிட்சைக்கு எப்படியும் வந்துருவேன்டி, நீ பாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வந்தாள். சத்தியமாக வந்தாள். மணி அடித்துக் கேள்வித்தாள் கொடுத்த பிறகு எனக்கு முன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போதெல்லாம் மைப்பேனாதான். நடுவில் மை தீர்ந்தால் பக்கத்துப் பெண்ணிடம் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மட்டும் மேற்பார்வை டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார். கனகு பேனாவைக் கழற்றித் திரும்பி நீட்டினாள், நான் என் பேனாவிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது, நாள் முழுக்கத் துணி துவைத்தவள் கை மாதிரி. வீட்டில் போட்டு வேலை வாங்கியிருக்கிறார்கள் பாவிகள் என்று வயிறெரிந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது இடம் காலி.

மறுநாள் அவள் ஊர்க் கிணற்றிலிருந்து அவளைப் பிணமாக எடுத்தார்கள். தண்ணீரில் விழுந்து இரண்டு நாளாவது இருக்கும், தலையில் அடி வேறு இருக்கிறது என்றார் டாக்டர். இல்லவே இல்லை, திங்கள் காலை பரிட்சைக்கென்று பஸ் ஏறிப் போனாள், திரும்பி வரும்போது கால் தவறி விழுந்திருப்பாள் என்று பெரியப்பா சாதித்தார்.

இன்ஸ்பெக்டர் ஹாஸ்டலுக்கு வந்து விசாரித்தார். மேற்பார்வை டீச்சர், இத்தனை பிள்ளைகளில் யார் முகம் ஞாபகம் இருக்கும் என்று கழன்றுகொண்டார். நான் பார்த்ததைச் சொன்னேன். வேறு என்ன சொல்ல? சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது யாருக்குச் சாதகம் என்று புரிந்தது. விடைத்தாள் கட்டைப் பிரித்து அவள் தாள் இருக்கிறதா என்று பாருங்கள் சார் என்று கெஞ்சினேன்.

"அதான் நீயே கண்ணால பாத்தேன்ங்குறியேம்மா, தாள் எதுக்கு?" என்றார்.

டாக்டர் கணக்குத் தப்பு, கால் தவறி விழுந்தவள்தான் என்று போலீசில் முடித்துவிட்டார்கள். வீட்டு ஆட்களைக் காப்பாற்றவா அவள் அந்த வெயிலில் வந்தாள்? பரிட்சை எழுத வந்தாள். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது, அதையும் அந்த நாய்கள் தங்களுக்குச் சாட்சியாக்கிக்கொண்டார்கள்.

பிறகு அவளுடைய பெட்டியை எடுத்துப்போகப் பெரியப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அந்த ஆள் என்னைக் கும்பிட்டு, நீ நல்லா இருக்கணும் தாயி என்றார். முகத்தில் துப்பலாம் போல இருந்தது. அவர் பெட்டியோடு வாசலுக்குப் போனதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கிழமையா பாத்த? நல்லாத் தெரியுமாத்தா?"

ஆமாம் என்றேன். பெற்ற மகளைக் கடைசியாகப் பார்த்தவள் நான். எப்படி இருந்தாள், சாப்பிட்டாளா என்று எந்தத் தாயும் கேட்பாள். இவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து கேட்டார். இத்தனை வருஷமாகியும் எனக்குத் தூக்கம் கெடுவது அந்தக் கேள்வியால்தான்.

"எங்களப் பத்தி ஏதும் சொன்னாளா?"