மோட்டார் ரூம்ல இருக்கிற புருசன்

இல்லப்பா, சுருளியாண்டி கள்ளத்தனமா ஒருத்திகிட்டயும் பேசல. காலையில தோட்டத்து மோட்டார் ரூமுக்குள்ள ஒதுங்கி நின்னு, போன்ல "சாப்பிட்டியா புள்ள?"ன்னு அவரு கேக்குறது கட்டுன பொண்டாட்டி மொக்கம்மாகிட்டத்தேன். வீடு என்னமோ கூப்பிடு தூரத்துலதேன் இருக்கு.

போன வருசம் ஏலக்காத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போன ஜீப்பு மலையில கவுந்துருச்சு. மொக்கம்மாவுக்குத் தலையில அடி. முழிச்ச அன்னைக்கு மககிட்ட மெல்லக் கேட்டா: "ஏத்தா உமா, ஒங்க அப்பா மாதிரியே வேசங்கட்டி ஒக்காந்திருக்கானே, யாரு அவன்?"

அவ வைக்கிற கொழம்பு அதே ருசிதேன். ஊருல அத்தன பேரையும் தெரியுது. இவரு ஒருத்தரத்தேன் தெரியல. தாடைத் தழும்பக் காட்டுனா, "அதையும் பாத்துப் போட்டிருக்கான்"ங்கிறா. எதுக்க நின்னு பேசுனா, "கொரலயும் களவாண்டுட்டானே"ன்னு கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுக்கிருவா.

மதுரையில டாக்டரு அவ வெரல்ல வயர மாட்டிப் போட்டோவாக் காட்டுனாக. வேண்டிய மொகம்னா உள்ளங்கை கொஞ்சூண்டு வேர்க்குமாம், கம்ப்யூட்டர்ல கோடு எகிறுமாம். சுருளியாண்டி போட்டோவுக்குக் கோடு அசையாமப் படுத்தே கெடந்துச்சு. பெறகு போட்டோவ எடுத்துட்டு அவரு கொரல மட்டும் போட்டாக. துள்ளிருச்சு! "கண்ணுல இருந்து பாசத்துக்குப் போற பாதை அடிபட்டிருக்கு. காதுப் பாதை நல்லாருக்கு"ன்னாக. அன்னையில இருந்துதேன் இந்த மோட்டார் ரூமும் போனும். புருசன் வெளியூர்ல இருந்து பேசுறதா அவளுக்கு நெனப்பு.

இப்ப நாலு மாசத்துப் பேத்தி வீட்டுல. மனுசனுக்குக் கால் தரையில பாவல. ஆனா பக்கத்துல போக முடியுமா? "கண்ட ஆளும் தொடவா பெத்துருக்கா எம்மக?" உமா ஒளிச்சுக் குடுத்தா, மொக்கம்மா போடுற சத்தத்துல பச்சப்புள்ள வெறச்சுப் போகுது.

இன்னைக்குக் காலையில போன்ல கெஞ்சிட்டாரு. "புள்ள, ஒரு ஆளு வருவான். நான் அனுப்புன ஆளுதேன். பேத்திய ஒருக்கா அவன் கையில குடு."

"யாரு, அந்த வேசக்காரன்கிட்டயா?"

"எனக்காகக் குடு தாயி."

போன சட்டைப் பையில போட்டுட்டு ஓட்டமும் நடையுமாப் போனாரு. வாயத் தொறக்கல. மொக்கம்மா ஏற எறங்கப் பாத்தா. "ஒக்காருய்யா. தலையத் தாங்கிப் பிடி." மடியில விழுந்த பிள்ள, அவரு மீசையப் பிடிச்சு இழுத்துச் சிரிச்சுச்சு.

பிள்ளையக் குடுத்துட்டு மோட்டார் ரூமுக்குத் திரும்பி வந்தாரு. கையில பவுடர் வாசம் போகல, போன் அடிச்சிருச்சு.

"குடுத்தேங்க. பதனமாத்தேன் வச்சிருந்தான். நீங்க வெரசா வந்துருங்க. பிள்ள அவன் மொகத்தப் பாத்துச் சிரிக்கப் பழகுது. நானும் பழகிருவேனோன்னு பயமா இருக்குங்க."