எட்டுக் குச்சியும் முதுகுப் பக்கம்

தண்ணீரில் பிள்ளை குப்புறக் கிடந்தபோது நான் கை தட்டிக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதுகூட அந்தக் கை எனக்குப் பிடிக்கவில்லை.

கொழுந்தனார் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். கோடை லீவுக்கு, திருச்சுழிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு, நாலு வயது மகளோடு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் கோடைப் பருத்திக்குப் பாய்ச்ச, போர்வெல் தண்ணீரை விட்டு நிரப்பும் சிமெண்ட் தொட்டி உண்டு. பெரியவர்களுக்கு இடுப்பளவு, பிள்ளைக்கு ஆள் முங்கும். அதில் மகளுக்கு நீச்சல் பழக்கப் போகிறேன் என்று ஒரு உடுப்பு எடுத்து வந்திருந்தாள். ஆரஞ்சு நிறம். இடுப்பைச் சுற்றி எட்டுப் பை. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நீளத்தில் மெத்தென்று, தண்ணீரில் மிதக்கிற ஒரு குச்சி. முன்னால் நாலு, பின்னால் நாலு. பிள்ளை பழகப் பழக ஒவ்வொன்றாக உருவிவிட வேண்டுமாம்.

அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை தொட்டிக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேலி பண்ணாமல் விடவில்லை.

“என்ன தாயி, இடுப்பச் சுத்தி வெடிகுண்டக் கட்டிக்கிட்டுத் திரியிற? பஸ்ஸுல போலீஸு புடிக்கலையா?”

“குண்டு இல்ல தாத்தா. இது என்னையத் தூக்கும்.”

தூக்கத்தான் செய்தது. திட்டில் இருந்து குதித்தவள் பந்து மாதிரி மேலே வந்து, நெஞ்சு தெரிய நின்று சிரித்தாள்.

அன்று சாயங்காலம் பிள்ளைக்குத் துடைத்துவிட்டபோது வயிற்றில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. முன்னால் இருக்கும் குச்சிகள் அமுக்கியிருக்கின்றன என்று நினைத்தேன். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு, துணி விறைத்துப்போகும். அதனால் குச்சிகளை உருவி வைத்துவிட்டு, உடுப்பை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன். உள்ளே ஒரு துணிச்சீட்டில் இங்கிலீஷில் என்னமோ எழுதியிருந்தது. அஞ்சாவதோடு நின்றவள் நான். காலையில் திரும்பச் சொருகும்போது எனக்கு என் அண்ணன்மார் ஞாபகம் வந்தது. அவர்கள் கிணற்றில் நீச்சல் பழகியபோது காலி எண்ணெய் டின்னை முதுகில்தான் கட்டிவிடுவார்கள். யாரும் வயிற்றில் கட்டிப் பார்த்ததில்லை. நான் கிணற்றில் இறங்கினவள் இல்லை, மேலே நின்று பார்த்தவள்தான். ஆனாலும் பார்த்தது போதும் என்று நினைத்துவிட்டேன். எட்டுக் குச்சியையும் முதுகுப் பக்கத்துப் பைகளிலேயே இரண்டிரண்டாக அமுக்கித் திணித்தேன். வயிறு வலிக்காது, வழக்கத்துக்கும் பொருத்தம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அது ஒரு சங்கதியாகவே எனக்குத் தோன்றவில்லை.

காலையில் கொழுந்தனார் மகள் தொட்டிக்குள் இறங்கி நின்றாள். பிள்ளை குதித்தாள். அந்நேரம் தொட்டியை நிரப்பும் ஓஸ் குழாயில் வந்த தண்ணீர் பிள்ளை மேல் அடிக்கிறதே என்று அவள் அதைத் திருப்பிவிடத் திரும்பினாள். ஆரஞ்சு முதுகு மேலே வந்தது. காலும் கையும் அடித்தன. முகம் மட்டும் வரவில்லை.

நீந்துகிறாள் என்று நினைத்தேன். அண்ணன்மார் அப்படித்தான் முதுகு தெரியக் கிடப்பார்கள். சத்தமாகக் கை தட்டினேன். அந்தச் சத்தத்துக்குத்தான் தாய் திரும்பினாள்.

அவள் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடிவந்தார். தூக்கி நிமிர்த்தியதும் பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு இருமினாள், வாந்தி எடுத்தாள், அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். அவர் கத்தியது எங்களுக்கெல்லாம் கேட்டது.

“புள்ளயத் தண்ணியில விட்டுட்டு நீ போனத்தான பாத்துக்கிட்டு இருந்திருப்ப?”

“இல்லைங்க, ஓஸத்தேன் திருப்பினேன். ஒரு நிமிசங்கூட இல்லைங்க…”

“பேசாத. சாயந்தரமே பஸ் ஏறு. இனிமே தண்ணிப் பக்கம் புள்ளயக் கூட்டிட்டுப் போன, அப்புறம் இருக்கு.”

போன் வைத்த பிறகு அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். “நான் தாயே இல்ல பெரியம்மா. பாக்கத் தெரியல எனக்கு.”

அவள் மடியில் கிடந்த பிள்ளையின் முதுகில் கை வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு முன்னால் நான் அதிகம் பேசினவள் இல்லை. பைகளில் இருந்து குச்சிகளை உருவி அவள் முன்னால் போட்டேன். எட்டும் பின்னாலிருந்தே வந்தன. முன்பக்கத்துப் பைகள் தட்டையாகக் கிடந்தன.

“நாந்தேன் மாத்துனேன் தாயி. டின்னு முதுகுலதான கட்டுவாகன்னு…”

அவள் குச்சிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அவுக பெரிய பயலுக பெரியம்மா, தலையத் தூக்கிக்கிருவாக. கயித்த ஒருத்தர் புடிச்சிருப்பாக. நாலு வயசுப் புள்ள தூக்குமா? முதுகு மேல போனா மூஞ்சி கீழதான போகும்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்கக் கூச்சம் என்று எப்படிச் சொல்வது? கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

மறுபடி மாப்பிள்ளைக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். “நீங்களே சொல்லுங்க.”

மாப்பிள்ளையோடு நான் போனில் பேசியதே இல்லை. நேரில் வந்தாலும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் வாங்க என்பேன்.

“மாப்பிள்ள, உங்க வீட்டுக்காரி மேல தப்பில்ல. குச்சிய இடம் மாத்துனது நானு. புள்ள மூச்சில்லாமக் கெடந்தப்ப கை தட்டுனதும் நானு.”

லைன் இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்க்கவும் எனக்குத் தெரியாது. போனைக் காதை விட்டு எடுக்காமல் நின்றேன். “புள்ளகிட்டக் குடுங்க அத்த” என்றார்.

பிள்ளையின் காதில் வைத்தேன்.

“அப்பா, மூக்குக்குள்ள எரியுது” என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.